சைலன்சருக்கும் லைசென்ஸா?

சாயல்குடிப் பக்கம் எங்கள் சித்தப்பாவுக்குக் கடலை போட்ட புஞ்சை கொஞ்சம் உண்டு. புஞ்சைக்குக் காட்டுப் பன்றி உண்டு. பன்றிக்காக, முறைப்படி லைசென்ஸ் வாங்கிய ஒற்றைக் குழல் துப்பாக்கி ஒன்றும் உண்டு. ராத்திரியில் வானத்தைப் பார்த்து ஒரு 'டமார்'! பன்றிகள் ஓடிவிடும். ஊர் முழித்துக்கொள்ளும்.

போன மாசம் துபாயிலிருந்து மகளும் மருமகனும் கைக்குழந்தையோடு வந்து இறங்கினார்கள். முதல் 'டமாரி'லேயே குழந்தை வீறிட்டது. விடியும்வரை அடங்கவில்லை. சித்தி ஆடித் தீர்த்துவிட்டார். மருமகன் மட்டும் சாவகாசமாக, "ஒரு சைலன்சர் மாட்டிருங்க மாமா. செல்லுல படம் காட்டுறேன். நம்ம லேத்துப் பட்டறைக்காரரே கடைஞ்சு குடுத்திருவாரு" என்றார்.

சித்தப்பா எனக்குப் போன் போட்டார். "ஏம்ப்பா, நீ படிச்ச புள்ள. என் புல்லட்டுக்குச் சைலன்சர் மாத்தினேனே, அது மாதிரிதானே இதுவும்?"

நான் படித்தது பி.காம். இருந்தாலும் சித்தப்பா கேட்டுவிட்டாரே என்று 1959-ம் வருஷத்து ஆயுதச் சட்டத்தைப் புரட்டினேன். இரண்டாவது பிரிவிலேயே தூக்கிவாரிப் போட்டது.

துப்பாக்கி என்றால் என்னென்ன என்று சொல்லிக்கொண்டே வருகிறார்கள். அந்த வரிசையில், சுடும்போது வரும் சத்தத்தையோ வெளிச்சத்தையோ குறைக்கிற சாதனத்தையும் சேர்த்திருக்கிறார்கள். அதாவது, வெறும் குழாயாக மூலையில் கிடந்தாலும் சட்டத்தின் கண்ணுக்குச் சைலன்சரும் ஒரு துப்பாக்கி! அதற்கும் லைசென்ஸ் வேண்டும். 21 வயசு ஆகியிருக்கவேண்டும், போலீஸ் ரிப்போர்ட் வேண்டும், எதற்கு என்று காரணம் சொல்லவேண்டும். பயிர்க் காவலுக்கு வாங்கிய லைசென்ஸை நீட்டினால் செல்லாது. வெளிநாட்டுப் பார்சலில் வரவழைக்கலாம் என்றால், இறக்குமதிக்கும் தனி லைசென்ஸ்.

சரி, வாங்காமல் வைத்திருந்தால்? 2019-ல் சட்டத்தைத் திருத்தி இறுக்கிவிட்டார்கள். குறைந்தது 2 வருஷம், 5 வருஷம் வரை போகலாம். லேத்துக்காரர் பாடு இன்னும் மோசம். அவர் செய்வது லைசென்ஸ் இல்லாத துப்பாக்கித் தயாரிப்பு. குறைந்தபட்சம் 7 வருஷம், ஆயுள் வரைக்கும்!

அதுவும் நம்ம ஜில்லாவில்! 2018 ஜூனில் தங்கச்சிமடத்தில் ஒரு வீட்டில் செப்டிக் டேங்குக்குக் குழி வெட்டினார்கள். பெட்டி பெட்டியாகத் தோட்டா கிளம்பியது. இலங்கைப் போர்க் காலத்தில் யாரோ புதைத்துவிட்டுப் போனது என்றார்கள். குழி வெட்டினாலே போலீஸ் வந்து நிற்கிற கரை இது. இங்கே போய், "பேத்தி தூங்கணும் சார், அதான் சைலன்சர்" என்றால் யார் நம்புவார்கள்?

பின்லாந்தில் வேட்டைக்காரர்கள் காதைக் காப்பாற்றிக்கொள்ள இதை மாட்டிக்கொள்கிறார்கள். அமெரிக்காவில் 1934-ல் இதற்கு 200 டாலர் வரி போட்டார்கள். 2025-ல் வந்த சட்டம் அந்த வரியையே பூஜ்யமாக்கிவிட்டது. ஆனால் பதிவு செய்யாமல் அங்கேயும் வைத்திருக்க முடியாது. இன்னொன்று, சினிமாவில் வருகிற மாதிரி 'புஸ்' என்று பூனைக்குட்டி தும்முகிற சத்தமெல்லாம் சும்மா. இருபது, முப்பது டெசிபல் குறையும், அவ்வளவுதான். குழந்தை அப்போதும் முழித்துக்கொள்ளும்!

சித்தப்பாவின் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. 1909-ல் இதற்குப் பேடன்ட் வாங்கிய ஹைரம் பெர்சி மாக்சிம், மோட்டார் என்ஜினுக்கும் சைலன்சர் செய்தவர். அவருடைய அப்பா, மெஷின் கன்னைக் கண்டுபிடித்தவர். அப்பா கிளப்பிய சத்தத்தைப் பிள்ளை அடக்கப் பார்த்தார் போல! ஆக, இரண்டு சைலன்சரும் ஒரு குடும்பம்தான். பிரித்து வைத்தது சட்டம். வண்டியிலிருந்து கழற்றினால் குற்றம். துப்பாக்கியில் மாட்டினால் குற்றம்.

எல்லாவற்றையும் சொன்னேன். சித்தப்பா ரொம்ப நேரம் பேசவில்லை. "லேத்துக்காரனுக்கு ரெண்டும் பொம்பளைப் புள்ளைப்பா. நான் கேட்டா இல்லேன்னு சொல்லமாட்டான். நல்லவேளை, இன்னும் வாயைத் திறக்கலை" என்றார். அப்புறம் அவரே, "ஏம்ப்பா, பன்னி ஓடுறதே சத்தத்துக்குத்தானே? சத்தத்தை அடைச்சுப்புட்டு நான் எதை வச்சு விரட்டுறது?" என்று கேட்டார்.

ஆயிரம் ரூபாய் கேள்வி! இது மருமகனுக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

இப்போது துப்பாக்கி பீரோவுக்குள் ஓய்வெடுக்கிறது. பேத்தி ராத்திரி அழ ஆரம்பித்தால், பன்றிகள் இரண்டு பர்லாங்கு தள்ளியே நின்றுவிடுகின்றனவாம்.

அதற்கு லைசென்ஸ் வேண்டாம். சைலன்சரும் கிடையாது!