உரியும் தோல்: எது ஆபத்து?

டிசம்பர் பிறந்தால் தில்லிவாசிகளின் கைகால் தோல் உரிவது சகஜம். வறண்ட குளிர்காற்று தோலின் ஈரத்தை இழுக்கிறது. கொதிக்கும் வெந்நீரும் சோப்பும் எண்ணெய்ப் பசையைப் போக்குகின்றன. வெதுவெதுப்பான நீரில் சீக்கிரம் குளித்து, ஈரம் காயும் முன் வாசலின் தடவினால் பெரும்பாலும் சரியாகிவிடும். உரிவதைப் பிய்க்கக் கூடாது.

அஞ்ச வேண்டியது வேறு வகை. வலிப்புக்கான கார்பமஸபைன், யூரிக் அமிலத்தைக் குறைக்கும் அலோப்யூரினால், சல்ஃபா மாத்திரைகள் போன்றவை மிகச் சிலருக்கு ஒத்துக்கொள்வதில்லை. மருந்து தொடங்கிய 2 மாதங்களுக்குள் காய்ச்சல், வாய்ப்புண், கண் எரிச்சலுடன் தோல் சிவந்து, தீக்காயம் போலக் கழன்றால் உயிருக்கே ஆபத்து. களிம்பு தேடாமல், அடுத்த வேளை மாத்திரைக்கு முன்பே மருந்துச் சீட்டுடன் பெரிய மருத்துவமனைக்கு விரைய வேண்டும். பிழைத்தவர்கள் அந்த மருந்தின் பெயரை ஆயுளுக்கும் மறக்கக் கூடாது.