மீட்டர் காட்டுவதும் ஒரு பாடமே

பழைய வீட்டுக் கணினிகளின் மின்வழங்கியைப் பற்றி இலக்கிய வாசகர் கவலைப்பட என்ன இருக்கிறது என்று கேட்கலாம். இருக்கிறது என்றே நினைக்கிறேன். 1984இல் நடுவண் அரசு தொடங்கிய ‘கிளாஸ்’ கணினிக் கல்வித் திட்டத்தின் முதற்கட்டத்தில் நாட்டின் ஏறத்தாழ 250 பள்ளிகளுக்கு பிபிசி மைக்ரோ கணினிகள் வந்தன. 1986இல் புனேயின் டெசிபெல்ஸ் நிறுவனம் இங்கிலாந்தின் ஸ்பெக்ட்ரம் கணினியை உரிமம் பெற்று இங்கே விற்கத் தொடங்கியது. அந்தத் தலைமுறை தட்டச்சு செய்து சேமித்தவை ஒலிநாடாக்களிலும் நெகிழ்வட்டுகளிலும் உறங்குகின்றன. பிபிசி மைக்ரோ எழுதிய வட்டுகளை வழக்கமான கணினிகள் எளிதில் படிப்பதில்லை. ஆகவே பழைய இயந்திரமே அந்த எழுத்துகளுக்கு நேர்வழித் திறவுகோல். அதைப் பரணிலிருந்து இறக்கியதும் ‘வேலை செய்கிறதா பார்ப்போம்’ என்று மின்சாரத்தில் செருகுவதைப் போன்ற அவசரம் வேறில்லை என்பதே என் கருத்து.

ஏற்காட்டிலும் அடிவாரத்து ஊர்களிலும் இதற்கு ஒரு தவறான தைரியம் துணை நிற்கிறது. லோ வோல்டேஜுக்குப் பழகிய வீடுகளில் ஸ்டெபிலைசர் இருக்கும். அது இருக்கப் பயமேன் என்பார்கள். ஸ்டெபிலைசர் காப்பது சுவரிலிருந்து வரும் 230 வோல்ட்டை மட்டுமே. கணினியின் சில்லுகளுக்கு வேண்டிய 5 வோல்ட்டை ஆள்வது மின்வழங்கியிலோ கணினிக்குள்ளோ இருக்கும் ரெகுலேட்டர். அது பழுதானால் வெளியே இருக்கும் ஸ்டெபிலைசர் ஒன்றும் செய்ய முடியாது.

மலைக்கென்றே இன்னொரு இடரும் உண்டு. பிபிசி மைக்ரோவின் மின்வழங்கிகள் பலவற்றில் மின் இரைச்சலை வடிகட்ட ரிஃபா என்ற பெயருடைய காகித மின்தேக்கிகள் வைக்கப்பட்டன. ஆண்டுகள் செல்லச் செல்ல அவற்றின் மேலுறை விரிசல் விடும். அந்த வழியே ஈரம் காகிதத்துக்குள் இறங்கும். பிறகு என்றோ ஒரு நாள் மின்சாரம் தந்தால் சில நிமிடங்களில் வெடித்துப் புகை கக்கும். சேர்வராயன் மலையின் மூடுபனியில் பல ஆண்டுகள் இருந்த பெட்டிக்கு இது வெறும் கற்பனை அச்சம் அன்று.

சரி, மல்டிமீட்டரால் அளந்து பார்த்துவிட்டோமே என்பவர்களுக்கும் ஒரு சொல். ஸ்பெக்ட்ரத்தின் அடாப்டர் மேல் 9 வோல்ட் என்று அச்சிட்டிருக்கும். கணினியை இணைக்காமல் அளந்தால் 12 வோல்ட்டுக்கு மேலும் காட்டும். கெட்டுவிட்டது என்று அதைக் குப்பையில் போடுவோர் உண்டு. அது சீராக்கப்படாத அடாப்டர். சுமையில்லாதபோது அப்படித்தான் காட்டும். பதிலுக்குக் கடையில் வாங்கும் சாதாரண 9 வோல்ட் அடாப்டரில்தான் ஆபத்து. ஸ்பெக்ட்ரத்தின் முனையில் நடு ஊசி எதிர்மின். கடையில் கிடைப்பவற்றில் பெரும்பாலும் அது நேர்மின்.

மாறாக, கமடோர் 64 கணினியின் மின்வழங்கி இன்று ஒழுங்காக 5 வோல்ட் காட்டலாம். அதன் உள்ளே பிசின் ஊற்றி மூடப்பட்ட ரெகுலேட்டர் மூப்படைந்து, ஒரு நாள் கூடுதல் மின்னழுத்தத்தை உள்ளே விட்டு நினைவகச் சில்லுகளைக் கொன்றுவிடும். அதிகம் காட்டியது நல்லதாகவும், சரியாகக் காட்டியது ஆபத்தாகவும் இருக்கிறது.

எனவே தனித்த ஓர் எண்ணை நம்பக்கூடாது. ரெகுலேட்டரின் இரு பக்கத்தையும் அளக்க வேண்டும். 7805 வகைக்கு உள்ளே குறைந்தது 7 வோல்ட்டாவது வந்தால்தான் வெளியே 5 வரும். உள்ளே போதிய அளவு இருந்தும் வெளியே 3 மட்டுமே வருகிறதா? சுமையைக் கழற்றிப் பாருங்கள். 5க்குத் திரும்பினால் ரெகுலேட்டரை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பின்னாலுள்ள சுற்று மிகுதியாக மின்னோட்டம் இழுக்கக்கூடும். கணினியைப் பணயம் வைக்காமல் சோதிக்க, 5 ஓம், 10 வாட் மின்தடை ஒன்றே போதும். 5 வோல்ட்டில் அது 1 ஆம்பியர் இழுக்கும். அந்தச் சுமையிலும் 4.75க்கும் 5.25க்கும் இடையில் நிற்க வேண்டும். பிறகு தரமான மீட்டரை மாறுமின் அளவீட்டில் வைத்துப் பார்க்க வேண்டும். வடிகட்டும் மின்தேக்கி உலர்ந்திருந்தால், சராசரி 5 வோல்ட்டாகவே இருக்க, உள்ளே அலைவு மறைந்திருக்கும். பிபிசி மைக்ரோவின் மின்வழங்கியைத் திறப்பது மட்டும் அனுபவமுள்ளவர் வேலை. செருகியைப் பிடுங்கிய பின்னும் அதனுள் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கி நிற்கலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு இந்த ஒழுக்கம் புதிதன்று. 1894இல் புறநானூற்றைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் ஒரே சுவடியின் பாடத்தை மெய்யென்று கொள்ளவில்லை. பல பிரதிகளை ஒப்புநோக்கினார். நொறுங்கும் ஏட்டை அவசரமாகப் பிரித்தால் ஏடும் போய்விடும், எழுத்தும் போய்விடும். பழங்கணினியும் அவ்வாறே. ஓலைக்கு எண்ணெய் பூசிக் காக்கக் கற்றுக்கொண்ட நாம், 40 ஆண்டு வயதான இயந்திரத்தைப் பழைய இரும்புக் கடைக்குப் போடவோ, ஆர்வத்தில் எரித்துவிடவோ வேண்டியதில்லை.

கல்லூரி நூலகங்களும் பள்ளிகளும் தம் பூட்டிய அறைகளில் இத்தகைய கணினி இருந்தால், முதலில் ‘மின்சாரம் தராதீர்’ என்றொரு சீட்டை அதன்மேல் ஒட்டட்டும். பக்கத்து இயற்பியல் துறையில் மீட்டரும் மின்தடையும் இருக்கும், அளக்கத் தெரிந்தவரும் இருப்பார். தமிழ்த் துறை போய்க் கேட்க வேண்டும், அவ்வளவே. அந்த வட்டுகளில் பேரிலக்கியம் இருக்கும் என்று நான் சொல்லவில்லை. என்ன இருக்கிறது என்று படித்துப் பார்க்கும் வாய்ப்பையாவது நாமே எரித்துவிடக் கூடாது.