பாட்டு முடிந்த பிறகு



சனி, ஞாயிறு இரவுகளில் பாட்டுப் போட்டி ஓடாத வீடு நம் பக்கம் குறைவு. 2006-ல் விஜய் டி.வி.யில் 'சூப்பர் சிங்கர்' தொடங்கியபோது பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தவர்கள், இன்று தங்கள் பிள்ளைகளை மடியில் வைத்துக்கொண்டு அதே நிகழ்ச்சியைப் பார்க்கிறார்கள். அதற்கும் முன்பே சன் டி.வி.யில் ஏ.வி.ரமணன் நடத்திய 'சப்தஸ்வரங்கள்' பலருக்கு நினைவிருக்கும். யார் ஜெயித்தார், யார் வெளியே போனார், யாருக்கு அநியாயம் நடந்தது என்று திங்கட்கிழமை காலையில் அலுவலகம் வரைக்கும் பேச்சு நீளும். நம் இதழுக்கு வருகிற கடிதங்களிலும் அதுதான் அதிகம்.

இந்த முறை நான் பேச நினைப்பது வேறு ஒன்றைப் பற்றி. பாட்டு முடிந்து, கைதட்டல் அடங்கி, நடுவர் மைக்கைக் கையில் எடுக்கிறாரே, அந்த ஓரிரு நிமிடத்தைப் பற்றி. அந்த நேரத்தில் பலர் தண்ணீர் குடிக்க எழுந்து போய்விடுகிறோம். போட்டியின் உயிரே அங்கேதான் இருக்கிறது என்பது என் நம்பிக்கை.

ஒரு சுற்றில் பார்த்தது இது. மெதுவாக நகரும் ஒரு பழைய மெல்லிசைப் பாட்டை ஓர் இளம்பெண் பாடினார். சுருதி சுத்தம், குரலில் நடுக்கம் இல்லை. அரங்கமே எழுந்து கைதட்டியது. நடுவர் புன்னகையோடு, "இரண்டாவது சரணத்தின் கடைசி வரியை மட்டும் இன்னொரு தடவை பாடும்மா" என்றார். பாடினார். "நடுவில் எங்கே மூச்சு எடுத்தாய், தெரிகிறதா? ஒரு சொல்லை இரண்டாக உடைத்துவிட்டாய். அந்தச் சொல்லுக்கு முன்னாடியே கொஞ்சமாக மூச்சு எடு, நெஞ்சு நிறைய வேண்டாம்" என்றார். அந்தப் பெண் ஒரு கணம் யோசித்து மறுபடி பாடினார். அவ்வளவுதான், அந்த வரி வேறு வரியாக மாறிவிட்டது. அதுவரை ராகமாக மட்டும் கேட்டது, ஒரு மனுஷி யாரிடமோ மனதைத் திறந்து சொல்லும் பேச்சாகக் கேட்டது. எங்கள் வீட்டில் அடுப்படியில் இருந்தவர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். சங்கீதம் படிக்காத அத்தனை பேருக்கும், மூச்சு என்ற ஒன்று பாட்டுக்குள் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் காதில் விழுந்தது.

நல்ல நடுவர் செய்கிற வேலை இதுதான். குழம்பை ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டுப் பார்த்து, 'நல்லா இருக்கு' என்பதோடு நிற்காமல், 'புளி கொஞ்சம் தூக்கல், ஒரு கொதி வரட்டும்' என்று சொல்கிற அம்மாவின் வேலை. என்ன குறை, எந்த இடத்தில், எப்படிச் சரியாகும் என்ற மூன்றும் அதில் இருக்கும். 'சூப்பர்', 'செம', 'புல்லரிச்சுப் போச்சு' என்ற பாராட்டுகளில் இந்த மூன்றுமே இல்லை. பாடியவர் மகிழ்ச்சியாக இறங்கிப் போவார், சரி. அடுத்த வாரத்துக்கு எதைப் பயிற்சி செய்வது என்று அவருக்கு யார் சொல்வது?

இந்த இடத்தில் எஸ்.பி.பாலசுப்ரமணியத்தை நினைக்காமல் இருக்க முடியவில்லை. பொறியியல் படிக்கச் சென்னைக்கு வந்த இளைஞராக, 1960-களில் ஒரு பாட்டுப் போட்டியில் பாடினார். நடுவராக அமர்ந்திருந்த இசையமைப்பாளர் எஸ்.பி.கோதண்டபாணி அந்தக் குரலைக் கண்டுகொண்டார். அவர் இசையில்தான் 1966-ல் பாலுவின் முதல் சினிமாப் பாட்டு பதிவானது. பின்னாளில் சென்னையில் சொந்தமாக ஒலிப்பதிவுக்கூடம் கட்டியபோது, பாலு அதற்குக் கோதண்டபாணியின் பெயரையே வைத்தார். ஒரு போட்டியாளர் தன் நடுவருக்குச் செய்த மரியாதைகளில் இதைவிடப் பெரியதாக எனக்கு எதுவும் தோன்றவில்லை.

அந்த நன்றிக்கடனை அவர் இன்னொரு வழியிலும் தீர்த்தார். 1996-ல் ஈ டி.வி. தெலுங்கில் 'பாடுதா தீயகா' தொடங்கியபோது நடுவர் நாற்காலியில் அவரே அமர்ந்தார். ஒரு பிள்ளை பாடி முடித்ததும், அந்தப் பாட்டை எழுதியவர் யார், இசை அமைத்தவர் யார், எந்தச் சூழ்நிலைக்கான பாட்டு என்று சொல்லிவிட்டுத்தான் குறைக்கு வருவார். பிசகிய சங்கதியைத் தானே பாடிக் காட்டுவார். தமிழ் மேடைகளில் கே.எஸ்.சித்ராவிடம் நாம் பார்ப்பதும் இதே பண்புதான். சிரித்த முகத்தோடு அந்த வரியை மெல்லப் பாடிக் காட்டுவார், பிள்ளை தன் தவறைத் தானே கேட்டுக்கொள்ளும். குறை சொல்லும்போது குரலை உயர்த்த வேண்டிய தேவையே இல்லை என்பதற்கு இவர்கள் இருவரும் சாட்சி.

ஒரு பாட்டில் நடுவர் எதையெல்லாம் கேட்கிறார்? சுருதி, தாளம் என்று பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கொஞ்சம் உள்ளே போனால் ருசியான விஷயங்கள் இருக்கின்றன. நீளமாக இழுத்து நிறுத்துகிற ஸ்வரத்தைக் கவனியுங்கள். தொடங்கும்போது சரியாக இருக்கும், முடியும்போது ஒரு இழை கீழே இறங்கியிருக்கும். மூச்சு தீரும்போது குரலைத் தாங்குகிற காற்றின் அழுத்தம் குறைவதுதான் காரணம். மேடைப் பயம் வந்தவர்களுக்குத் தாளம் ஓடும். நெஞ்சு வேகமாக அடித்துக்கொள்ளும்போது பாட்டும் கூடவே ஓடப் பார்க்கும், வாத்தியக்காரர்கள் இழுத்துப் பிடிக்க வேண்டியிருக்கும்.

அப்புறம் பாட்டுத் தேர்வு, அதற்கேற்ற சுருதி. கர்நாடக இசையில் ஆண்கள் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள், பெண்கள் ஐந்து, ஐந்தரையில். டி.எம்.சௌந்தரராஜன் பாடிய பாட்டை ஒரு பெண் எடுத்தால் சுருதியை மாற்றித்தான் ஆக வேண்டும். எவ்வளவு மாற்றுவது என்பதில்தான் சூட்சுமம். பல்லவிக்குச் சௌகரியமாக வைத்தால் சரணத்தின் உச்சியில் குரல் கிழியும், உச்சிக்காக இறக்கினால் பல்லவியின் கீழ் ஸ்வரங்கள் காதில் விழாது. தோற்றுப்போன பல பாட்டுகள் மேடை ஏறுவதற்கு முன்பே, சுருதி முடிவான அந்த நிமிடத்திலேயே தோற்றுவிட்டவை. இதை ஒரு நடுவர் எடுத்துச் சொல்லும்போது, பாடியவரின் திறமையில் பழுதில்லை என்பதும் சேர்ந்து விளங்கிவிடுகிறது.

உச்சரிப்பைப் பற்றி எனக்குக் கொஞ்சம் அழுத்தமாகவே சொல்லத் தோன்றுகிறது. ழகரம் தேய்ந்து ளகரமாவதை 'ஸ்டைல்' என்று விட்டுவிடும் பழக்கம் வந்திருக்கிறது. பி.சுசீலா ஆந்திரத்தின் விஜயநகரத்தில் பிறந்தவர். தமிழில் பாட வந்தபோது, ஏவி.எம். நிறுவனம் அவருக்குத் தமிழ் கற்றுக்கொடுக்க ஓர் ஆசிரியரை ஏற்பாடு செய்தது. அப்படிக் கற்ற உழைப்பினால்தான் அவர் பாட்டைக் கேட்டுத் தமிழ் உச்சரிப்பைத் திருத்திக்கொள்ளலாம் என்று சொல்லும் அளவுக்கு வந்தார். வேறு மாநிலத்திலிருந்தும் வெளிநாட்டிலிருந்தும் வந்து பாடுகிற பிள்ளைகள் முயன்று உச்சரிக்கும்போது மனம் நிறைகிறது. அவர்களைத் திருத்துவது அவர்களுக்குச் செய்யும் மரியாதை. சொல்லாமல் விடுவதுதான் அவமரியாதை.

இன்னொன்று, 'அச்சு அசல் அப்படியே' என்ற பாராட்டு. மூலப் பாடகர் பாடியபடியே பாடுவது பயிற்சியில் ஒரு கட்டம். அதைத் தாண்டாமல் யாரும் பாடகராக முடியாது, அங்கேயே நின்றாலும் பாடகராக முடியாது. இதற்கு எதிர்ப் பக்கமும் உண்டு. பாட்டு அமைதியாக நிற்க வேண்டிய இடத்தில் பிருகாவைக் கொட்டி, 'என் பாணி' என்று காட்டுவது. இசையமைப்பாளர் யோசித்து வைத்த மௌனத்தை அது கெடுத்துவிடுகிறது. இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு பிள்ளை எங்கே நிற்கிறது என்று சொல்ல, நடுவருக்கு ஞானத்தோடு கொஞ்சம் துணிச்சலும் வேண்டும்.

2018-ல் செந்தில் கணேஷ் 'சூப்பர் சிங்கர்' பட்டம் வென்றது எனக்குப் பெரிய நிகழ்ச்சியாகப் பட்டது. புதுக்கோட்டைப் பக்கத்து நாட்டுப்புறக் கலைஞர். அவர் மனைவி ராஜலட்சுமியும் அதே பருவத்தில் போட்டியிட்டவர். சினிமாப் பாட்டின் குரல் மைக்குக்கு முன்னால் வளர்ந்த குரல். காதோரம் பேசுவது போன்ற நுணுக்கம் அதற்கு வரும். நாட்டுப்புறக் குரல் திடலில் வளர்ந்தது. தவிலையும் உருமியையும் தாண்டிக் கடைசி வரிசைக்குப் போய்ச் சேர வேண்டிய குரல் அது, தொண்டை திறந்து உச்சத்தில் நிற்கும். சினிமாக் குரலுக்கு வைத்திருக்கும் அளவுகோலை அதன்மேல் வைத்தால், முரட்டுத்தனம் என்றுதான் தீர்ப்பு வரும். அந்த மேடையில் அப்படி நடக்கவில்லை. அந்தந்தப் பாட்டு எந்த மண்ணிலிருந்து வந்ததோ அந்த மண்ணின் கணக்கிலேயே கேட்கலாம் என்பதை எத்தனையோ வீடுகள் பார்த்தன. அதற்காக அன்றைய நடுவர்களுக்கும் வாக்களித்தவர்களுக்கும் என் நன்றி.

நடுவர்களின் நிலைமையையும் பார்க்க வேண்டும். அரங்கில் அவர்கள் கேட்பது, பக்கத்திலேயே முழங்கும் வாத்தியங்களோடு சேர்ந்த நேரடிக் குரல். நம் வீட்டுக்கு வருவது ஒலிக்கலவை செய்து சமன்படுத்திய பாட்டு. 'நன்றாகத்தானே பாடினார், ஏன் இப்படிச் சொல்கிறார்' என்று நமக்குத் தோன்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். அவர்கள் விரிவாகச் சொன்னது படத்தொகுப்பில் சில நொடிகளாகச் சுருங்கிப் போவதும் உண்டு. கண்ணீர் தங்கிவிடுகிறது, கட்டிப்பிடிப்பது தங்கிவிடுகிறது, சங்கதியைத் திருத்திய இடம் போய்விடுகிறது. நிகழ்ச்சி தயாரிப்பவர்களுக்கு என் வேண்டுகோள் இதுதான்: அந்தத் திருத்தத்தை வெட்டாதீர்கள். மக்கள் அதை ரசிப்பார்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் எனக்கு இரண்டு மனம் இல்லை. எட்டு வயதுக் குழந்தையைக் கேமரா முன்னால் நிறுத்தி, பின்னணி இசையை ஏற்றி, 'நீ வெளியேறுகிறாய்' என்று அறிவிப்பது கூடாது. முடிவைப் பெற்றோரையும் குழந்தையையும் தனியாக உட்காரவைத்துச் சொல்லலாம், அதற்குக் கேமரா வேண்டாம். குழந்தைக் கலைஞர்களை ஒரு நாளில் ஐந்து மணி நேரத்துக்கு மேலும், ஓய்வின்றித் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேலும் வேலை வாங்கக் கூடாது என்று 2017-ன் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. தூக்கம் சொக்கும் கண்களோடு பாடும் பிள்ளையின் சுருதி விலகினால், அந்தக் குறை பிள்ளையுடையது அல்லவே! பன்னிரண்டு, பதின்மூன்று வயதில் ஆண்பிள்ளைகளுக்குக் குரல் உடையும். நேற்று வரை எட்டிய ஸ்வரம் இன்று எட்டாது. அந்த வயதுப் பிள்ளையிடம் நடுவர் சொல்லக்கூடிய மிக நல்ல சொல், 'கீழ் சுருதியில் பாடு கண்ணா, குரலை வருத்தாதே, இது சரியாகிவிடும்' என்பதுதான். அதைச் சொல்ல ஆளில்லாமல், தனக்குப் பாட்டே போய்விட்டது என்று நினைத்து ஒதுங்கிய பிள்ளைகள் நம் தெருக்களில் இருக்கிறார்கள்.

கடைசியாக, நம்மைப் பற்றி. இறுதிச் சுற்றில் வாக்களிப்பது நாம். நம் ஊர்ப் பிள்ளை, கஷ்டப்பட்ட குடும்பம், பார்க்க லட்சணம் என்று மனம் பல பக்கம் சாயும். அது மனித இயல்பு. அதைத் தவிர்க்க வழியும் உண்டு. அகில இந்திய வானொலியின் குரல் தேர்வில், பாடுபவர் யார் என்று தேர்வுக் குழுவுக்குத் தெரியாது. குரலை மட்டும் கேட்டுத்தான் 'பி', 'பி ஹை', 'ஏ' என்று தரம் போடுவார்கள். 2010-ல் நெதர்லாந்தில் தொடங்கிய 'தி வாய்ஸ்' நிகழ்ச்சி, நடுவர்களின் நாற்காலியையே மேடைக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்தது. நாமும் வீட்டில் செய்து பார்க்கலாம். பாட்டு தொடங்கும்போது கண்ணை மூடிக்கொள்ளுங்கள். பல்லவி, ஒரு சரணம், அவ்வளவு போதும். மூச்சு எங்கே விழுகிறது, சொல் முழுசாக வருகிறதா, கடைசி ஸ்வரம் நிற்கிறதா என்று கேளுங்கள். நடுவர் பேசுவதற்கு முன்னால் வீட்டில் ஆளுக்கு ஒரு குறை, ஒரு நிறை சொல்லிப் பாருங்கள். பிள்ளைகள் நம்மைவிடக் கூர்மையாகக் கேட்பார்கள்.

அடுத்த இதழில் இதற்கென்றே ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். இந்த வாரம் நீங்கள் கேட்ட ஏதாவது ஒரு பாட்டைப் பற்றி நடுவராக உட்கார்ந்து எழுதுங்கள். எந்த இடம் மனதைத் தொட்டது, எந்த இடம் சறுக்கியது, நீங்களாக இருந்தால் அந்தப் பிள்ளையிடம் அதை எப்படிச் சொல்லியிருப்பீர்கள் என்று பத்து வரிக்குள் இருந்தால் போதும். யார் ஜெயிக்க வேண்டும் என்பது வேண்டாம். அஞ்சலட்டையில் எழுதினாலும் சரி, பிள்ளைகளை எழுதச் சொல்லி அனுப்பினாலும் சரி, மேலே 'பாட்டு' என்று மறக்காமல் குறிப்பிடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்