காதுக்கு 36 வருசம்

நிலக்கரித் தூணின் பலத்தைக் கணக்கிட ஒரு சூத்திரம் இருக்கிறது. தென்னாப்பிரிக்காவில் சாலமன், மன்ரோ என்ற இருவர் 1967இல் தந்தது. தூண் அகலமானால் பலம் கூடும், உயரமானால் குறையும் என்பது அதன் சாரம். சுரங்கப் பொறியியல் படிக்கிறவர்களுக்கு நன்கு தெரிந்த சூத்திரம்தான். அதற்கு விலை கொடுத்தது யார் என்பதுதான் என் கேள்வி.

கரி ஒரே கட்டியான பொருள் இல்லை. உள்ளுக்குள்ளே நுண்ணிய வெடிப்புகள் ஓடுகின்றன. கையகலத் துண்டைச் சோதனைச்சாலையில் நசுக்கினால் நல்ல பலம் காட்டும். வீடளவு தூணில் அந்தப் பலம் இருக்காது. பெருசாக ஆக வெடிப்பும் கூடும். கூரையாகக் கிடக்கும் ஷேல் பாறையோ ஏடு ஏடாகப் படிந்தது. ஏடுகளைப் பிரிப்பது சுலபம். ஈரம் பட்டால் பல ஷேல்கள் உதிர்ந்தே போகும். இதைத்தான் தூணாகவும் கூரையாகவும் நம்பி மனுசனைக் கீழே இறக்குகிறார்கள்.

1960 ஜனவரி 21, கோல்புரூக் சுரங்கம். தரைக்கடியில் சுமார் 180 மீட்டரில் ஏறத்தாழ 900 தூண்கள் நொறுங்கின. ஒன்று உடைந்தால் அதன் சுமை பக்கத்துத் தூணின் தலையில் ஏறும், அதுவும் உடையும். கூரையோரக் கரியையும் விடாமல் சுரண்டித் தூண்களை உயரமாக்கி வைத்திருந்தார்கள். முந்தைய டிசம்பர் 28இலேயே ஒரு பகுதி சரிந்திருந்தது. வேலை நிற்கவில்லை. ஜனவரி 21இல் முதல் சரிவுக்குப் பயந்து வெளியே ஓடியவர்களைத் திரும்பிப் போகச் சொன்னார்கள். செத்தவர்கள் 430க்கும் மேல். மிகப் பெரும்பாலோர் கறுப்புத் தொழிலாளிகள். உடல்கள் இன்னும் உள்ளேதான்.

அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சி வேகம் பிடித்தது. இடிந்த தூண் இடங்கள் 27, நின்றவை 98 என்று எடுத்துக்கொண்டு சூத்திரம் செய்தார்கள். நான் பேங்க் குமாஸ்தா. பேரேட்டைப் பார்த்தால் எதுக்குக் கட்டம் போடலைன்னுதான் என் கண் முதலில் தேடும். ஆழத்துக்குக் கட்டம் உண்டு, அகலத்துக்கு உண்டு, உயரத்துக்கு உண்டு. 'கரி முனகுது, நான் வெளியே போறேன்' என்று சொன்னவனுக்குக் கட்டம் இல்லை.

சூத்திரத்தைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. அதனால் பிழைத்த உயிர்கள் உண்டு. ஆனால் பாறை விரியும் ஓசையைக் கேட்க இன்று கருவி பதிக்கிறார்கள். அது சத்தம் காட்டினால் நம்புகிறார்கள். அதே சத்தத்தைக் கறுப்பன் காது கேட்டபோது அதற்குப் பெயர் கீழ்ப்படியாமை. கருவி சொன்னால் அறிவு, கூலிக்காரன் சொன்னால் திமிரா?

ஆபத்து என்று பட்டால் வேலையிடத்தை விட்டு வெளியேறும் உரிமை அந்த நாட்டுச் சுரங்கச் சட்டத்தில் 1996இல்தான் ஏறியது. நிறவெறி ஆட்சி விழுந்த பிறகு. கரித்தூணின் பலத்தைக் கண்டுபிடிக்க 7 வருசம் போதுமாயிருந்தது. தொழிலாளியின் காதை நம்புவதற்கு 36 வருசம். இந்த இரண்டாவது கணக்கில் கரியின் குற்றம் ஒன்றுமில்லை. பாடப்புத்தகத்தில் சூத்திரத்தை அச்சடிக்கிறவர்கள் பக்கத்திலேயே இந்தக் கணக்கையும் அச்சடிக்கட்டும்.