கழுத்துக் குழாய்க்குக் கெடு வேண்டும்

சிறுநீரகம் செயலிழந்து மூச்சுத்திணறலோடு வருபவருக்குக் கழுத்துச் சிரையில் உடனடியாகப் போடப்படும் தற்காலிக கதீட்டர் உயிரைக் காக்கிறது. ஆனால், அதே குழாயோடு அவர் வீட்டுக்குப் போய், வாரம் மூன்று முறை பேருந்தில் வந்து டயாலிசிஸ் செய்துகொண்டு மாதக்கணக்கில் காலம் தள்ளுவதை ஏற்க முடியாது. இவ்வகைக் குழாயை அதிகபட்சம் 2 வாரங்களுக்கே பயன்படுத்த வேண்டும் என்கிறது அமெரிக்க தேசிய சிறுநீரக அறக்கட்டளையின் 2019 வழிகாட்டுதல்.

காரணம் எளிது. தோலில் வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் போன்ற கிருமிகளுக்கு இந்தக் குழாய் இரத்தத்துக்குள் போக நேர்வழி. அப்படிப் போனவை இதய வால்வையும் முதுகெலும்பையும் தாக்கலாம். இன்னொரு கேடு வெளியே தெரியாது. குழாய் உரசி உரசி மையச் சிரை சுருங்கிவிடலாம்; காறையெலும்புக்குக் கீழே போட்டால் இந்த ஆபத்து மிக அதிகம். பிறகு அந்தப் பக்கக் கையில் தமனியையும் சிரையையும் இணைத்து டயாலிசிஸுக்கான ஃபிஸ்டுலா அமைத்தாலும் பயன்படாமல் போகலாம். நோயாளிக்கு இருப்பதோ எண்ணிச் செலவிட வேண்டிய சில சிரைகள்தாம்.

தோலுக்கடியில் சுரங்கம்போலச் செலுத்திப் பொருத்தும் 'பெர்ம்கேத்' குழாய், தற்காலிகக் குழாயைவிடப் பாதுகாப்பானது. அதற்கும் தொற்று வரும் என்பதால், பெரும்பாலோருக்கு நல்ல வழி ஃபிஸ்டுலாதான். 1966இல் நியூயார்க் மருத்துவர்கள் வெளியிட்ட முறை அது. ஆனால், அது பக்குவப்பட ஒன்றிரண்டு மாதங்களாவது ஆகும். எனவே, டயாலிசிஸ் நெருங்குகிறது என்று தெரிந்ததுமே அறுவை சிகிச்சைக்கு நாள் குறிக்க வேண்டும். ஃபிஸ்டுலாவுக்கென ஒதுக்கிய கையில் ஊசி குத்தக் கூடாது என்பதை வார்டில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும்.

2016இல் தேசிய டயாலிசிஸ் திட்டத்தை அறிவித்து, ஏழைகளுக்கு அச்சிகிச்சையை இலவசமாக்கியது மத்திய அரசு. இயந்திரத்துக்குப் பணம் தருவது பாதி வேலைதான். இரண்டு வாரத்தைத் தாண்டும் ஒவ்வொருவருக்கும் பெர்ம்கேத்தும், தாமதமில்லாத ஃபிஸ்டுலா அறுவை சிகிச்சையும் டயாலிசிஸின் அங்கமாகவே கிடைக்க வேண்டும். குழாய் போட்ட தேதியையும் தொற்றுக் கணக்கையும் ஒவ்வொரு மையமும் பதிவுசெய்து வெளியிட வேண்டும். கணக்குக் கேட்காத இடத்தில் கெடு காற்றில் பறக்கும்.

கழுத்தில் குழாயோடு இருப்பவர்களுக்கும் குடும்பத்தாருக்கும் ஒரு வேண்டுகோள்: குளிர்நடுக்கமோ காய்ச்சலோ வந்தால் அடுத்த டயாலிசிஸ் நாள்வரை காத்திருக்காதீர்கள். கட்டு நனைய விடாதீர்கள். "ஃபிஸ்டுலா எப்போது, டாக்டர்?" என்று ஒவ்வொரு முறையும் கேளுங்கள்.