ஒரு சிட்டிகை மண்ணுக்கு என்ன அடமானம்?

போன வாரம் நம்ம ஊர்க் குடும்பங்கள் கூடின ஒரு விருந்து. திருப்பதியில் மைக்ரோபயாலஜி படிக்கிற என் அக்கா மகளைப் பத்திப் பேச்சு வந்தது. "சித்தூர் மண்ணைத் தோண்டிக் கிருமி பிடிக்குதாமே"ன்னு ஒருத்தர் சொல்ல, ஒரே சிரிப்பு. கம்ப்யூட்டர் படிச்சிருந்தா இந்நேரம் அமெரிக்கா போயிருக்குமாம். எனக்குச் சுருக்குன்னுது.

சிரிச்ச மகராசர்களே! உங்க வீட்டு சலவைப் பவுடர்ல குழம்புக் கறையை எடுக்கிற என்சைம் எங்கேருந்து வருது? பெரும்பாலும் பேசில்லஸ்ங்கிற மண் பாக்டீரியாவிலிருந்துதான். மண்ணைத் தண்ணியில கரைச்சு, பத்துப் பத்து மடங்கா நீர்த்து, பால் கலந்த அகார் தட்டுல பரப்பணும். மறுநாள் எந்தப் புள்ளியைச் சுத்தித் தெளிவான வளையம் தெரியுதோ, அது புரதத்தை அறுக்கிற ஆள். இவ்வளவுதான் 'கிருமி பிடிக்கிறது'.

பணம் வருமான்னுதானே கேக்கறீங்க? 1966ல் எல்லோஸ்டோன் வெந்நீர் ஊற்றிலிருந்து தாமஸ் பிராக், தன் இளங்கலை மாணவர் ஒருத்தரோட சேர்ந்து ஒரு பாக்டீரியாவைப் பிரிச்செடுத்தார். அதோட என்சைம்தான் பி.சி.ஆர். சோதனையை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. 1991ல் அந்த உரிமைக்கு ரோஷ் நிறுவனம் கொடுத்தது 30 கோடி டாலர். பூங்காவுக்கு ஒரு பைசா கிடைக்கலை.

சித்தூருக்கு வாங்க. 2025ல் கிளிமூக்கு மாங்காய் விலை விழுந்து, கிலோவுக்கு ஆலை 8 ரூபாய், அரசு 4 ரூபாய்னு ஆந்திரா அறிவிக்க வேண்டி வந்தது. மாம்பழச் சாறைத் தெளிய வைக்கிற பெக்டினேஸைச் சுரக்கிற கிருமியைத் தேட, பழத்தோல் அழுகுற மண்ணை விட நல்ல இடம் ஏது? கீழே பாலாற்றங்கரையில ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் ஆலைகள். தோல்ல முடி நீக்க சுண்ணாம்பும் சல்ஃபைடும் போட்டா கழிவு ஆத்தைக் கெடுக்கும். அதைக் குறைக்கத்தான் சென்னை தோல் ஆராய்ச்சி நிறுவனம் என்சைம் வழியைத் தேடிச்சு.

குத்தம் மாணவர்கள் மேல இல்லை. தட்டுல வளையம் வந்ததோட வேலை முடியாது. குடுவையிலிருந்து பெரிய தொட்டிக்குப் போகக் காசு வேணும். அங்கேதான் நம்மாளுங்க கை விரிக்கிறோம். கடன் பிரிவுல இருந்தப்போ இப்படி ஒரு விண்ணப்பத்தை "அடமானம் இல்லை"ன்னு திருப்பி அனுப்பினவன் நானேதான். அதே வாரம் ஒரு கார் கடனுக்குக் கையெழுத்துப் போட்டேன். கார் வருஷா வருஷம் மதிப்பு இழக்கும்னு காமர்ஸ் படிச்ச எனக்குத் தெரியாதா?

ஊர்ல மூணாவது பிளாட் வாங்க யோசிக்கிறவங்க, அதுல கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்பலாம். முடியலைன்னா, அடுத்த விருந்துல அந்தப் பொண்ணைப் பார்த்துச் சிரிக்காமலாவது இருங்க.

பி.கு: சிரிச்சவர் சட்டையில அன்னிக்கு சாம்பார் கொட்டிச்சு. பேசில்லஸ்தான் காப்பாத்தியிருக்கும் :-)