கடன் வாங்கிய விடைகள்

பிள்ளைகளைப் படிக்க வையுங்கள் என்று எடுத்துச் சொல்லிச் சொல்லியே நம் பெரியோர் பலரின் நா வறண்ட காலம் ஒன்றிருந்தது. அந்தக் காலம் மலையேறிவிட்டது. வணிகத்தில் ஈட்டிய பொருளை நம் முன்னோர் கல்விக்கு வாரி வழங்கினர். 1951ஆம் ஆண்டில் திருச்சியில் ஜமால் முகம்மது கல்லூரியும் சென்னையில் புதுக்கல்லூரியும் எழுந்தன. 1971இல் பாளையங்கோட்டையில் சதக்கத்துல்லாஹ் அப்பா கல்லூரி எழுந்தது. உடன்குடிக்கு அண்மையில் திருச்செந்தூரிலேயே 1965 முதல் ஆதித்தனார் கல்லூரி இருக்கிறது. பட்டம் பெற்ற பிள்ளையின் நிழற்படம் இன்று நம் வீட்டுச் சுவர்களை அணி செய்கிறது. மகிழ்ச்சிதான். ஆனால் அந்தப் படத்திற்குள்ளே இருப்பது படிப்பா, வெறும் காகிதமா என்று கேட்க வேண்டிய வேளை வந்துவிட்டது. கேட்டால் சிலருக்குக் கசக்கும். கசந்தாலும் கேட்பதே நம் கடமை.

கல்லூரிகளில் இன்று நடப்பதை அறியாதார் யார்? இயற்பியல், வேதியியல் மாணவர் ஆய்வுக்கூடத்தில் தாமே அளந்து எழுத வேண்டிய ரெக்கார்டு நோட்டு, முன்னாண்டு மாணவரின் நோட்டிலிருந்து எழுத்துப் பிசகாமல் பெயர்க்கப்படுகிறது. அவர் பிழையாக அளந்திருந்தால் அந்தப் பிழையும் வாழையடி வாழையாகத் தொடர்கிறது! கணிதப் பயிற்சிக் கணக்குகளுக்குக் 'கைடு' இருக்கிறது. வணிகவியல் மாணவரின் இருப்புநிலைக் குறிப்பு, பக்கத்து இருக்கைக்காரரின் தாளில் முன்பே சரிக்கட்டப்பட்டுக் காத்திருக்கிறது. கணினி மாணவர் இறுதியாண்டில் தாமே எழுத வேண்டிய நிரல், நகரத்துக் கடைகளில் அட்டை கட்டித் தலைப்புப் பொறித்து விலைக்குக் கிடைக்கிறது. போதாக்குறைக்கு, 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்தது முதல், வினாவைத் தட்டினால் விடையைக் கொட்டும் கருவி ஒவ்வொரு கைப்பேசியிலும் குடியேறிவிட்டது.

"எல்லோரும் செய்வதுதானே? அகமதிப்பீட்டு மதிப்பெண் கிடைத்தால் போதாதா?" என்று பெற்றோரே கேட்கக் கேட்கிறோம். போதாது என்பதே நமது வாதம். பயிற்சிக் கணக்கு என்பது பேராசிரியர் மாணவர் மீது விதித்த வரியன்று. படித்ததைக் கைப்பட நடத்திப் பார்ப்பதற்கான ஒத்திகை அது. அதைப் பிறர் செய்து தருவது, நமக்காகப் பிறர் நீந்திக் காட்டுவதற்கு ஒப்பாகும். கரையில் நிற்கும் வரை இருவருக்கும் வேற்றுமை தெரியாது. கடலில் இறங்கும் நாளில் தெரியும்.

சொல்லைச் சொல்லாகவே விட்டுவிடாமல் ஒரு கணக்கைப் போட்டே பார்ப்போம். உடன்குடி என்றதும் நாடறிந்த பொருள் கருப்பட்டி. பதநீர் இறக்கும் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்களே, ஏன்? இது வேதியியல் வினா. சுண்ணாம்பின் காரத்தன்மை நொதித்தலைத் தடுக்கிறது. தடுக்காவிடில் பதநீர் கள்ளாகிவிடும். புளிப்பேறிய சாற்றில் சர்க்கரை உடைந்து வேறு இரு சர்க்கரைகளாகப் பிரிந்துவிடும். பிறகு எவ்வளவு காய்ச்சினாலும் பாகு நன்றாக இறுகாது. அடுத்தது கணிதம். 100 கிலோ பதநீரில் 12 கிலோ சர்க்கரை இருப்பதாகவும், முடிவில் கிடைக்கும் கருப்பட்டியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு சர்க்கரை என்றும் கொண்டால், கருப்பட்டி ஏறத்தாழ 13.3 கிலோ தேறும். மீதி 86.7 கிலோவும் ஆவியாகப் போக வேண்டிய நீர்.

இனி இயற்பியல். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2.26 மெகாஜூல் வெப்பம் வேண்டும். 86.7 கிலோவுக்கு 196 மெகாஜூல். முதலில் பதநீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 29 மெகாஜூல். ஆக மொத்தம் 225. ஒரு கிலோ விறகு எரிந்தால் 15 மெகாஜூல் கிடைக்கும் என்று கொண்டால் 15 கிலோ விறகு போதும் என்று ஏடு சொல்லும். ஆனால் திறந்த அடுப்பில் வெப்பத்தின் பெரும்பகுதி காற்றோடு போகிறது. ஐந்தில் ஒரு பங்கே பாகுக்குச் சேருமாயின் 75 கிலோ விறகு வேண்டும். இங்கே வணிகவியல் நுழைகிறது: விறகு என்ன விலை, கூலி எவ்வளவு, எந்த விலைக்கு விற்றால் கை நட்டமில்லை? விறகு விலையும் அடுப்பின் திறனும் மாற மாற விடையும் மாறும். அதை நொடியில் மாற்றிக் காட்டப் பத்து வரி நிரல் போதும். ஒரே ஒரு பாகுக் கொப்பரைக்குள் நான்கு துறைகளும் சேர்ந்து கொதிக்கின்றன! இந்தக் கணக்கைத் தானே போட்ட மாணவன் ஊர்த் தொழிலுக்கு நல்லதோர் அடுப்பு அமைத்துத் தர முனைவான். விடையை மட்டும் எழுதியவனுக்குப் '75' என்பது ஓர் எண், அவ்வளவே.

இன்னும் நமக்கு நெருங்கியதோர் எடுத்துக்காட்டு உண்டு. ஒருவர் 72 இலட்சம் ரூபாய் விட்டு இறந்தார். மனைவி, தாய், ஒரு மகன், ஒரு மகள் இருக்கிறார்கள். ஃபராயிள் சட்டப்படி மனைவிக்கு எட்டில் ஒன்று, 9 இலட்சம். தாய்க்கு ஆறில் ஒன்று, 12 இலட்சம். மீதி 51 இலட்சத்தில் மகனுக்கு 34, மகளுக்கு 17. இதை ஒரு மாணவர் நிரலாக எழுதுகிறார், சரியாக ஓடுகிறது. மற்றொரு மாணவர் அதைப் பெயர்த்து எழுதிக்கொள்கிறார், அவருடையதும் ஓடுகிறது. இருவருக்கும் மதிப்பெண் ஒன்றே.

பின்னொரு நாள் வேறொரு குடும்பம் வருகிறது. இறந்தவர் ஒரு பெண்மணி. கணவரும் உடன்பிறந்த சகோதரியர் இருவரும் மட்டுமே வாரிசுகள். கணவருக்குப் பாதி, சகோதரியர் இருவருக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. ஆறு பங்காக்கினால் மூன்றும் நான்கும் சேர்ந்து ஏழாகிறது. சொத்தை விடப் பங்கு பெருகிவிட்டது! உமர் (ரலி) அவர்களின் ஆட்சிக் காலத்தில் இத்தகைய வழக்கு எழுந்து, தோழர்களுடன் கலந்தாய்ந்து தீர்வு காணப்பட்டது என்று நூல்கள் கூறும். சொத்தை ஏழாகப் பகுத்துக் கணவருக்கு மூன்றும் சகோதரியருக்கு நான்கும் கொடுப்பதே 'அவ்ல்' என்னும் அம்முறை. முதல் மாணவர், தம் நிரலில் கூட்டுத்தொகை ஒன்றைத் தாண்டுவதைக் கண்டதும் எங்கே திருத்த வேண்டும் என்று அறிவார். பெயர்த்தெழுதியவரோ, இல்லாத சொத்தைப் பங்கு வைத்துக் கொடுத்துவிட்டு, "கணினி சொன்னது" என்பார். விடை ஒன்றாக இருந்தும் அறிவு ஒன்றாக இல்லை என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

இந்தப் பாகப்பிரிவினைக் கணக்குக்கும் கல்லூரிக் கணிதத்திற்கும் என்ன உறவு என்று எவரும் எண்ண வேண்டாம். ஏறத்தாழ 820ஆம் ஆண்டளவில் பக்தாதில் இருந்து அல்-குவாரிஸ்மி எழுதிய நூலின் தலைப்பிலிருந்துதான் 'அல்ஜிப்ரா' என்னும் சொல் பிறந்தது. அந்நூலின் பெரும்பகுதி மரண சாசனமும் வாரிசுரிமையும் பற்றிய கணக்குகளே. வணிகக் கணக்குகளும் அதில் உண்டு. கணினி உலகம் இன்று ஓயாமல் உச்சரிக்கும் 'அல்காரிதம்' என்னும் சொல்லோ அவர் பெயரின் திரிபேயாகும். படிப்படியாகச் செல்லும் வழிமுறை என்பது அதன் பொருள். வழிமுறைக்குத் தம் பெயரையே ஈந்த அறிஞரைப் பெருமையாகப் பேசிவிட்டு, வழிமுறையை விட்டு விடையை மட்டும் திருடுவது எத்தகைய முரண்பாடு!

எதிர்த்தரப்பின் வாதங்களையும் நேர்மையோடு பார்ப்போம். "இராமானுஜனே ஒரு கைடு நூலைப் படித்துத்தானே கணித மேதையானார்?" என்பார்கள். உண்மை. 1903ஆம் ஆண்டளவில் கும்பகோணத்தில் அவர் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் நூல், தேர்வுக்குப் பயிற்சியளித்த ஆசிரியர் ஒருவர் தொகுத்ததுதான். ஆயிரக்கணக்கான சூத்திரங்கள் அதில் அடுக்கப்பட்டிருந்தன. ஆனால் பெரும்பாலானவற்றுக்கு விரிவான நிரூபணம் இல்லை. அந்த இல்லாமையே இராமானுஜனுக்கு வாய்த்த செல்வம். காகிதம் வாங்க வழியின்றிச் சிலேட்டில் எழுதி, முழங்கையால் அழித்து, ஒவ்வொன்றையும் தாமே மெய்ப்பித்தார். விடை முன்னே இருந்தும் வழியைத் தேடினார் அவர். நம் பிள்ளைகளோ வழி முன்னே இருந்தும் விடையைத் தேடுகிறார்கள்.

"தமிழில் படித்து வந்த பிள்ளை ஆங்கிலப் பாடநூலின் முன் திகைக்கிறதே, என்ன செய்யும்?" என்பது இரண்டாவது வாதம். இதில் நியாயம் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் மொழி புரியாத நோய்க்கு நகலெடுத்தல் மருந்தாகாது. புரியாத ஆங்கிலத்தைப் புரியாமலே மறுபடி எழுதுவதால் எது விளங்கிவிடும்? வினாவைத் தமிழில் சொல்லிப் பார், கொடுக்கப்பட்டவை எவை, கேட்கப்படுவது எது என்று தமிழில் பிரித்து எழுது என்று கற்பிப்பதே வழி. விடை கொட்டும் கருவியையும் அவ்வாறே ஆளலாம். "இந்த வரி ஏன்?" என்று கேட்பவனுக்கு அது ஆசான். "எழுதித் தா" என்பவனுக்கு அது கூலிக்கு அழும் ஆள். கருவியைப் பழிப்பது நமது நோக்கமன்று. கருவிக்கு நம் பிள்ளைகள் கருவியாவதையே எதிர்க்கிறோம்.

"நேரமில்லை, வறுமை" என்பது மூன்றாவது வாதம். இராமேஸ்வரத்தில் 1931இல் பிறந்த அப்துல் கலாம் அவர்களின் குடும்பம் செல்வத்தில் புரண்டதன்று. சென்னை எம்.ஐ.டி.யில் சேரப் பணமின்றித் தவித்தபோது, அவர் சகோதரி ஜொஹரா தம் நகைகளை அடகு வைத்து உதவினார். அங்கே தாழப் பறந்து தாக்கும் விமானம் ஒன்றை வடிவமைக்கும் பயிற்சி அவர் குழுவுக்குத் தரப்பட்டது. வேலை திருப்தியாக இல்லை என்றார் இயக்குநர் சீனிவாசன். ஒரு மாதம் அவகாசம் கேட்டார் கலாம். மூன்று நாள் தந்தார் பேராசிரியர். தவறினால் உதவித்தொகை நிறுத்தப்படும் என்றார். இரவுணவையும் மறந்து வரைபலகையின் முன் அமர்ந்து முடித்தார் கலாம். பிற்காலத்தில் இந்தியாவின் செயற்கைக்கோள் ஏவுகலத் திட்டத்தை நடத்தியவர், அன்று அந்த வரைபடத்தை விலைக்கு வாங்கியிருந்தால் என்னவாகியிருப்பார்? கண்டிப்புக் காட்டிய ஆசிரியரைப் பகைவராகக் கருதும் பெற்றோர் இதனை எண்ணிப் பார்க்க வேண்டுகிறோம்.

இது ஏதோ ஒழுக்க உபதேசம் என்று ஒதுக்கிவிட முடியாது. நம் கண்ணெதிரே காலம் மாறிக்கொண்டிருக்கிறது. உடன்குடியில் 660 மெகாவாட் கொண்ட இரண்டு அலகுகளாக அனல் மின் நிலையம் திட்டமிடப்பட்டது. அண்டை ஊராகிய குலசேகரன்பட்டினத்தில் இரண்டாவது ஏவுதளத்திற்கு 2024 பிப்ரவரி 28ஆம் நாள் அடிக்கல் நாட்டப்பட்டது. ஏன் குலசேகரன்பட்டினம்? ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து துருவப் பாதைக்குச் செல்லும் ஏவுகலம் இலங்கையின் மேல் பறவாதிருக்க வளைந்து செல்ல வேண்டும். அந்த வளைவில் எரிபொருள் வீணாகும். இங்கிருந்து நேர் தெற்கே கடல் மேல் செல்லலாம். சிறு ஏவுகலங்களுக்கு இந்த மிச்சம் பெரிது. இதுவும் கல்லூரி இயற்பியலில் வரும் கணக்குத்தான்! நம் பிள்ளைகள் போடாமல் பெயர்த்தெழுதிய அதே கணக்கைப் போடத் தெரிந்தவர்கள் எங்கிருந்தோ வந்து இங்கே பொறியாளராக அமர்வார்கள். நம் பிள்ளைகள் வாயிற்கதவைத் திறந்துவிடும் பணிக்கு வரிசையில் நிற்பதா? வந்தவர்கள் மீது பழிபோட்டுப் பயனென்ன? பழி, கடன் வாங்கிய விடைகளின் மீதே.

செய்ய வேண்டியது மலையைப் பெயர்க்கும் வேலையன்று. மக்தபில் நம் பிள்ளைகள் ஓதிய முறையை நினைத்துப் பாருங்கள். ஒவ்வொரு பிள்ளையும் உஸ்தாதின் முன் அமர்ந்து தன் பாடத்தைத் தானே ஓதிக் காட்ட வேண்டும். ஒருவருக்காக மற்றொருவர் ஓத இடமேயில்லை. பாடம் ஒப்பிக்கும் வரை அடுத்த பாடமும் இல்லை. அந்த முறையைக் கல்லூரிக் கணக்கிற்கும் கொண்டுவருவோம். மஃரிபுக்குப் பின் சங்கக் கட்டடத்தில் ஒரு கரும்பலகையும் நான்கு பாய்களும் போதும். மேல்வகுப்பு மாணவர் கீழ்வகுப்பு மாணவரை எழுப்பி, "இந்தக் கணக்கைப் பலகையில் போட்டுக் காட்டு" என்று சொல்லட்டும். மகளிருக்குத் தனி நாள் ஒதுக்கலாம். உதவித்தொகை வழங்கும் செல்வர்கள் மதிப்பெண் பட்டியலைக் கேட்பதோடு நில்லாமல், ஒரு கணக்கை விளக்கவும் சொல்லட்டும். வீட்டில் வாப்பாவும் உம்மாவும் "எத்தனை மார்க்கு?" என்று கேட்பதற்கு முன், "இன்று எந்தக் கணக்கு உன்னை மடக்கியது?" என்று கேட்கட்டும். அந்தக் கேள்விக்கு விடை சொல்லப் பெற்றோர் பட்டம் பெற்றிருக்க வேண்டியதில்லை.

தொடக்கப்பள்ளியில் கடன் வாங்கிக் கழித்தல் என்றொரு கணக்குண்டு. பக்கத்து இலக்கத்தில் கடன் வாங்கியவன், அங்கே ஒன்று குறைந்ததை மறந்தால் விடை தவறிவிடும். விடைகளைக் கடன் வாங்கும் நம் பிள்ளைகளிடமும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று குறைந்துகொண்டே வருகிறது. அதை நாம் கணக்கில் எடுக்கத் தவறினால், இறுதியில் எஞ்சுவது என்ன என்பதை நம் சமுதாயமே கழித்துப் பார்த்துக்கொள்ளட்டும்.